நாலு வீட்டு மேசை

எங்கள் குடும்பத்தில் யாரிடமாவது போய், சொத்தை எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டால், வீட்டையோ நகையையோ சொல்ல மாட்டார்கள். மேசையைத்தான் சொல்வார்கள். அந்தச் சமயம் அத்தை பக்கத்தில் இருந்துவிட்டால், "இருங்க, நான் சொல்றேன். நீங்க எல்லாம் தப்பும் தவறுமாச் சொல்லுவீங்க" என்று கதையைப் பிடுங்கிக்கொள்வாள்.

அத்தை என்றால் வண்டி அத்தை, என் அப்பாவின் ஒரே தங்கை. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றிப் போகும் மூடு வண்டி ஒன்று வைத்திருக்கிறாள். அவளேதான் ஓட்டுவாள். மாமாவுக்குத் தூரத்துப் பார்வை மங்கியபோது, "சாவிய இங்க குடுங்க" என்று வாங்கியவள், இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. மாமா சமையலறைக்குப் போனார். அதில் எங்கள் எல்லோருக்கும் லாபம்தான், ஏனென்றால் அத்தைக்குச் சுடுதண்ணீர் தவிர வேறெதுவும் வைக்க வராது. ஆனால் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு கண்ணாடி பீரோவைக் கீறல் விழாமல் இறக்கச் சொல்லுங்கள், பேசிக்கொண்டே இறக்கிவிடுவாள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கதவின் அகலத்தைத்தான் பார்ப்பாள். மனிதர்களையும் அவள் அப்படித்தான் பார்க்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இவரை எந்தப் பக்கம் சாய்த்தால் வாசலைத் தாண்டுவார் என்று கண்ணாலேயே கணக்குப் போடுவாள்.

மேசைக்கு வருகிறேன். அது தாத்தா வாங்கிப் போட்டது. ஒரே மரத்தின் நீளப் பலகை, வீடு மொத்தமும் ஒரே பந்தியில் உட்காரலாம். பலகையின் நடுவில் கறுப்பாக ஒரு ரேகை, இந்த முனையில் தொடங்கி அந்த முனைவரை விடாமல் ஓடும். தாத்தா காலமான பிறகு வீட்டை விற்பது என்று முடிவாயிற்று. பிள்ளைகள் நாலு பேர். என் அப்பா மூத்தவர், பிறகு நடு சித்தப்பா, அத்தை, கடைசியாகச் சின்னச் சித்தப்பா. வீட்டை விற்பதில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேசை யாருக்கு என்பதில்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது யாருடைய புது வீட்டு வாசலிலும் நுழையாது என்பது வேறு விஷயம். கடைசியில், ஒருவருக்கும் முழுதாக வேண்டாம், அறுத்துப் பங்கு போட்டுக்கொள்வோம் என்று தீர்மானித்தார்கள். மூளையுள்ள எந்தக் குடும்பமும் சாப்பாட்டு மேசையை ரம்பத்தால் பாகம் பிரித்திருக்காது. எங்களவர்கள் பிரித்தார்கள்.

தச்சர் வந்தார். அண்ணன் தம்பி மூவருக்கும் சமமாக வரும்படி இரண்டு கோடு போட்டார். அத்தை வந்து பார்த்தாள். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு மேசைமேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கோட்ட அழிச்சிட்டு நாலாப் போடுங்க. அதுவரைக்கும் நான் எறங்க மாட்டேன்."

"உனக்கு எதுக்கு மேசை? நீதான் கட்டிக்கிட்டுப் போயிட்டியே" என்றார் நடு சித்தப்பா.

"கட்டிக்கிட்டுப் போனவளுக்குப் பசிக்காதா?"

தச்சர் சிரித்துவிட்டார். அப்புறம் யார் என்ன சொல்லி என்ன? மேசை நாலாயிற்று. இரண்டு ஓரங்களும் அப்பாவுக்கும் நடு சித்தப்பாவுக்கும், நடுத் துண்டுகள் அத்தைக்கும் சின்னச் சித்தப்பாவுக்கும். இருக்கிற கால் போதாததால் ஆளாளுக்கு ஒரு கால் போட்டு நிறுத்திக்கொண்டார்கள். அத்தையுடையது இரும்புக் கால். நடு சித்தப்பா வீடு சின்னது என்பதால் மடக்குக் கால்.

அறுத்ததோடு விட்டிருந்தால் நாலும் நாலு மூலையில் போயிருக்கும். அடுத்த வருஷம் அத்தை வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "வருஷத்துக்கு ஒரு நாள் இதுங்க ஒண்ணா நிக்கட்டும். கூடவே நீங்களும் வாங்க" என்று துண்டுகளை ஏற்றிவந்து, தன் வண்டி நிற்கும் கொட்டகையைக் கழுவிவிட்டு அங்கே சேர்த்து வைத்தாள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் குடும்பம் கூடும் நாள். அதில் ஒரு வழக்கமும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. குடும்பத்துக்குப் புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும், மருமகளோ மருமகனோ பிறந்த குழந்தையோ, கறுப்பு ரேகையில் விரல் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போக வேண்டும். குழந்தையென்றால் யாராவது தூக்கிக்கொண்டு அதன் விரலைப் பிடித்து ஓட்டுவார்கள். மறுமுனை வந்ததும் எல்லோரும் கை தட்டுவோம். என் கணவர் அன்று பட்ட வெட்கம் கல்யாணத்தில்கூடப் படவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது, அதுதான் வினை. உயரத்துக்கு அளவு மூத்தவருடைய துண்டு. மற்றவர்கள் அதற்குத் தக்கபடி கட்டை வைத்து ஏற்றவோ, காலைச் சீவி இறக்கவோ வேண்டும். யாரும் பேசி வைத்ததில்லை. அப்பா மூத்தவர், அதனால் அப்பாவின் மேசைதான் அளவு. அவ்வளவுதான்.

சின்னச் சித்தப்பா தையல்காரர். அவர் இறந்த பிறகு அவர் மகன் தன் துண்டைத் தானே கொண்டுவந்தான். அவனும் தையல்காரன்தான். எல்லோரும் அவனைத் துரை என்போம், சட்டையில் சுருக்கம் இல்லாமல் இருப்பதால். அவன் கொண்டுவந்த துண்டு நெஞ்சு உயரத்துக்கு நின்றது. மேலே இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு, சுண்ணக்கட்டிக் கோடுகள். அத்தை நடு சித்தப்பா வீட்டுத் துண்டை ஏற்றிவரப் போயிருந்தாள். அப்பா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"சோறு வெச்ச எடத்துல கத்திரிக்கோல வெச்சிட்டீங்களேடா. போ, கால வெட்டிச் சரி பண்ணிக் கொண்டா."

துரை வந்த வண்டியிலேயே துண்டை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு வரவும் இல்லை. அத்தை வருஷா வருஷம் போய்க் கூப்பிடுவாள். டீ வாங்கிக் கொடுத்து, "வேலை இருக்கு அத்தை" என்று மரியாதையாக அனுப்பிவிடுவான். மேசையின் நடுவில் விழுந்த ஓட்டையில் நீல நிற பிளாஸ்டிக் மேசை ஒன்றைப் போட்டோம். என் மகளின் விரல் ரேகையில் ஓடி வந்து அந்த பிளாஸ்டிக்கில் முட்டி நின்றது. கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அப்பாமேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

போன வருஷம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது நடு சித்தப்பா ஆரம்பித்தார்.

"எதுக்கு இந்தக் கஷ்டம்? ஹோட்டல்ல ஒரு ஹால் எடுத்தா ஏசி, பஃபே, பாத்திரம் கழுவுற வேலையும் இல்ல. நடுவுல ஓட்டையோட இது என்ன மேசை?"

தலைகள் ஆடின. என் தலையும் ஆடியிருக்கும், பாத்திரக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. அடுத்த வருஷம் நாலு துண்டும் வந்து நிக்கலைன்னா, அதுக்கப்புறம் நீ சொல்ற ஹோட்டலுக்கே வரேன். மேசைய நானே வெறகுக் கடையில போட்டுட்டு வரேன். போதுமா?"

அத்தை சொன்னால் சொன்னதுதான். மாமா மட்டும் என் காதில், "உங்க அத்தை வாய் முன்னால போகும், வண்டி பின்னால வரும்" என்றார்.

இந்த வருஷம் கூடுவதற்கு முந்தைய வாரம் என்னையும் ஏற்றிக்கொண்டு துரையின் கடைக்குப் போனாள். சீட்டுக்குப் பின்னால் ஒரு ரம்பம் கிடந்தது.

"இது எதுக்கு அத்தை?"

"அவனுக்கு வேலை ஜாஸ்தி, கால வெட்ட நேரமில்ல. நானே அளவா அறுத்துக் குடுத்துட்டா வராம எங்க போவான்?"

கடை ஒரு சந்தின் முனையில். சுவர் முழுக்கக் கொக்கிகளில் பாதி தைத்த சட்டைகள். தையல் இயந்திரத்துக்குப் பின்னால் எங்கள் மேசைத் துண்டு நின்றது. துரை அதன்மேல் துணியை விரித்து நிமிர்ந்து நின்று வெட்டிக்கொண்டிருந்தான். அத்தை கையில் ரம்பத்தைப் பார்த்ததும் கத்திரிக்கோலை வைத்துவிட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"வேணாம் அத்தை."

"அரை நிமிஷ வேலைடா. தள்ளு."

"தள்ள மாட்டேன். இது அப்பா போட்ட கால். மொதல்ல சாப்பாட்டு மேசை உயரத்துலதான் வெச்சிருந்தாரு. வருஷக்கணக்கா அதுலயே குனிஞ்சு குனிஞ்சு வெட்டி, கடைசியில முதுக நிமிர்த்தவே முடியல. போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, நான் தொழிலுக்கு வந்த அன்னிக்குத்தான் இந்தக் கால மாத்தினாரு. 'நான் குனிஞ்சது போதும், நீ நின்னு வெட்டு'ன்னாரு. இத வெட்டச் சொல்றீங்களே அத்தை."

அத்தை ஒரு அடி பின்வாங்கினாள். என் வாழ்நாளில் அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. சின்னச் சித்தப்பாவின் முதுகு வளைந்துபோனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எதனால் என்று அவளும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ரம்பத்தைக் கொண்டுபோய்ச் சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வந்தாள், நான் பார்த்தேன்.

"உன் டேப்பக் குடு" என்றாள். தரையிலிருந்து பலகைவரை உயரத்தை அளந்தாள்.

"எதுக்கு அத்தை?"

"அண்ணன் காலுதான் அளவுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? நீ துண்ட ரெடியா வெய்யி. காலையில வண்டி வரும், சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து விட்டுடுவேன். உன் வேலை நிக்காது."

"பெரியப்பா?"

"அவன நான் பாத்துக்கறேன்."

துரை என்னைப் பார்த்தான். நான் அந்தப் பெரியப்பாவின் மகள். "வாடா, என் பொண்ணு இன்னும் பாதி ரேகையிலயே நிக்கிறா" என்றேன். அவன் அத்தையிடமிருந்து டேப்பை வாங்கிச் சுருட்டினான். வழக்கம்போல டீ வாங்கிக் கொடுத்து எங்களை அனுப்பிவிடவில்லை.

கூடும் நாளன்று கொட்டகைக்குள் நுழைந்ததும் நடு சித்தப்பா, "என்ன இது, பந்தலா?" என்றார். அப்பாவின் துண்டு, அத்தையின் துண்டு, நடு சித்தப்பாவின் துண்டு மூன்றும் மரக்கட்டைகள்மேல் ஏறி நெஞ்சு உயரத்துக்கு நின்றன. அத்தை மரக்கடையில் சொல்லிக் கட்டைகளை அறுத்து வாங்கியிருக்கிறாள். ஒவ்வொரு காலும் நழுவாமல் உட்காரக் குழிகூட வெட்டியிருந்தது. நாற்காலி ஒன்றுகூட இல்லை. குழந்தைகளுக்கு மட்டும் சாமான் கட்டும் மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். நடுவில் ஒரு துண்டுக்கு இடம் காலியாக இருந்தது. பிளாஸ்டிக் மேசையைக் காணோம்.

அப்பா கைத்தடியோடு வந்தார். அவருக்கு முழங்கால் வலி.

"இதுல எப்படி உக்காந்து சாப்பிடுறது?"

"உக்கார வேணாம். நில்லு" என்றாள் அத்தை.

"எனக்குக் கால் வலி தெரியாதா உனக்கு?"

"தெரியும் அண்ணா. நம்ம தம்பிக்கு முதுகு வலி இருந்துச்சே, அது உனக்குத் தெரியுமா?"

அப்புறம் கடையில் கேட்டதைச் சொன்னாள். சத்தம் போடாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். முன்பு அப்பா பேசியதும் எல்லோர் முன்னால்தானே. அப்பா கைத்தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடு சித்தப்பா மெதுவாக, "அண்ணா, பெட்டி மேல ஒரு நாற்காலி தூக்கிப் போடட்டுமா?" என்றார். ராஜா மாதிரி உட்காரலாம் என்று ஏதோ ஒரு குழந்தை சிரித்தது. அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அத்தையின் ஆட்கள் துண்டை இறக்கினார்கள். துரை பின்னாலேயே வந்தான், சுருக்கமில்லாத சட்டையில். காலியிடத்தில் துண்டைத் தள்ளிச் சேர்த்தபோது ஒரு விரல் நுழையும் இடைவெளிகூட இல்லை, உயரத்திலும் மயிரிழை வித்தியாசம் இல்லை. அத்தை அளந்தது அப்படி. ரேகை முனைக்கு முனை ஓடியது. துரையின் துண்டில் மட்டும் அதன் குறுக்கே சுண்ணக்கட்டிக் கோடுகள் இருந்தன. அவன் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்தான்.

"இருக்கட்டும்டா. அழிக்காத" என்றார் அப்பா.

தட்டுகள் வந்தன. அப்பா தன் முனைக்குப் போகவில்லை. துரையின் துண்டுக்கு முன்னால் போய் நின்றார், கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இஸ்திரித் தழும்பின் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டார். ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டார். பந்தி முடியும்வரை நின்றே சாப்பிட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, வரவும் இல்லை. மாமா குழம்பு ஊற்ற வந்தபோது மட்டும், "மொதல்ல அவனுக்கு ஊத்துங்க" என்று துரையின் தட்டைக் காட்டினார்.

சாப்பாடு ஆனதும் இத்தனை வருஷத்தில் பாதியில் நின்றுபோன குழந்தைகளை எல்லாம் வரிசையாக விட்டார்கள். என் மகள் இப்போது பெட்டிமேல் பெட்டியாகத் தாவி நடந்தே போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். சுண்ணக்கட்டிக் கோடு வந்த இடத்தில் ஒரு கணம் நின்று துரையைப் பார்த்தாள். "போ போ, தாண்டிப் போ" என்றான் அவன். மறுமுனையை அவள் தொட்டபோது எல்லோரையும்விட உரக்கக் கை தட்டியவர் நடு சித்தப்பாதான். ஹோட்டல் பேச்சை அவர் எடுக்கவில்லை. பாத்திரம் கழுவவும் அவரே போனார்.

சாயங்காலம் அத்தை கட்டைகளை உருவி ஒவ்வொரு துண்டாக ஏற்றினாள். அப்பாவின் துண்டுக்கு வந்தபோது அவர் தடுத்தார்.

"இதுல இருக்கற கட்டைய எடுக்காத. அப்படியே சேத்து அடிச்சு வீட்டுக்கு அனுப்பு."

"வீட்டுல எப்படிண்ணா சாப்பிடுவ?"

"இனிமே இதுதான் அளவு" என்றார் அப்பா.

இப்போது அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசை நெஞ்சு உயரத்தில் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் இது என்ன கடையா என்று கேட்கிறார்கள், அம்மா தினமும் முணுமுணுக்கிறாள். அப்பா கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தட்டைத் தூக்கி வைத்து, நிமிர்ந்து நின்று சாப்பிடுகிறார்.