டிக்கெட் போட்டு விற்ற முழங்கால்

போன சனிக்கிழமை நானும் என் மனைவியும் கருங்கல் சந்தைக்குப் போயிருந்தோம்.

மரச்சீனிக் கிழங்கும் கொஞ்சம் கருவாடும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்காக நின்றோம். வந்த பஸ்ஸின் நெற்றியில் ஒரு துணி கட்டியிருந்தது. ‘ஃபுட்பால் மேட்ச் ஸ்பெஷல்’ என்று எழுதியிருந்தார்கள். உள்ளே கால் வைக்க இடமில்லை. பாதிப் பேர் கையில் நீலமும் வெள்ளையுமாகக் காகிதக் கொடிகள்.

கண்டக்டருக்கு என்னைத் தெரியும்.

“சாரே, ஏறுங்க. தேவதாசுக்க அப்பனுக்கு டிக்கெட்டு கிழிச்சா எனக்க கை விளங்குமா?”

ஜன்னலோரம் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டார். “அந்தப் பையன் இப்பம் களிக்க வாறதில்லியா?”

“அவனுக்க காலு போச்சுல்லா. இப்பம் வடக்கேயிருந்து ஒருத்தனைக் கொண்டு வந்திருக்கானுவ. அவன் அடிச்சா கோல்கீப்பருக்கு பந்தே தெரியாதாம்.”

என் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். வீடு வரை நடந்தேதான் வந்தோம்.

சில மாதங்களாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் எதை எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். பேச்சிப்பாறைத் தண்ணீர், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர், பஸ் நெரிசல்... எழுத வேண்டியதை மட்டும் எழுதவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

தேவதாஸ் என் மூத்த மகன். வயது இருபது. ஆறு மாதத்துக்கு முன்பு வரை ஒரு கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தான். எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். கல்லூரியைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை.

அந்தக் கல்லூரி மைதானத்தை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். முன்பெல்லாம் அங்கே மேட்ச் என்றால் முதல் வேலை மேய்கிற ஆடுகளை விரட்டுவது. சுற்றியுள்ள வரப்பில் ஊரே உட்காரும். காசு கிடையாது. ஆடுகிறவர்களுக்குப் பூட்ஸ் கிடையாது. தமிழ்ப் பண்டிதர்தான் ரெஃபரி. ஒரே ஒரு வழக்கம் மட்டும் கண்டிப்பாக நடக்கும். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தங்கள் கையால் தோற்றவர்களுக்கு மோர் கொடுக்க வேண்டும். தோற்றவன் குடித்த பிறகுதான் ஜெயித்தவன் குடிக்கலாம்.

அப்புறம் அமெரிக்காவிலிருந்து ஹார்ப்பர் துரை வந்தார். கெமிஸ்ட்ரி வாத்தியார். முப்பது வயதுகூட இருக்காது. தங்கமான மனுஷன், இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

ஒரு நாள் கல்லூரி ஹாலில் மாஜிக் லாந்தர் வைத்துத் திரையில் தன் ஊர்ப் படங்களைக் காட்டினார். அங்கே கல்லூரிக்குக் கல்லூரி ஃபுட்பால்தான் திருவிழாவாம். பெரிய கிண்ணம் மாதிரி ஒரு மைதானம். ஒரு ஜில்லாவையே அதற்குள் உட்கார வைத்துவிடலாம் போலிருந்தது. பாண்டு வாத்தியம், கல்லூரிக்கென்று ஒரு நிறம், ஒரு பாட்டு, கூட்டத்தைக் கத்த வைப்பதற்கென்றே நாலு பையன்கள். சங்கிலியில் கட்டிய ஒரு நிஜக் கரடிகூட இருந்தது! வருஷத்தில் ஒரு மேட்சுக்குப் பழைய மாணவர்கள் எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்து, வாலிபத்தில் உட்கார்ந்த அதே பெஞ்சில் உட்காருவார்களாம்.

எங்கள் ஆட்களுக்குப் பிடிபடாதது பந்துதான். பலாக்கொட்டை மாதிரி இருந்தது. அதைக் கையில் வேறு தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

“கையில எடுத்துட்டு ஓடுகதுக்கு எதுக்குவே ஃபுட்பாலுண்ணு பேரு?” என்று பின்வரிசையில் யாரோ கேட்க, ஹால் சிரித்தது. துரைதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார்.

ஆக, அவர்களுடைய ஆட்டம் நமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஆட்டத்தைச் சுற்றி இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டோம்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. நீலமும் வெள்ளையும் வந்தது. பாட்டு வந்தது. பழைய மாணவர் தினம் என்று ஒன்று வந்தது. முன்சீப்பும் டாக்டரும் வக்கீலும் சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டு, பையன்கள் மாதிரி தொண்டை கிழியக் கத்தினார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வருஷம் மைதானத்தைச் சுற்றி ஓலைத் தட்டி வைத்து மறைத்தார்கள். வாசலில் டிக்கெட். ‘பாண்டுக்கும் பந்தலுக்கும் செலவு இருக்கிறதே’ என்றார்கள். நியாயம்தானே? அதற்கடுத்த வருஷம் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தேயிலை விளம்பரம். சோப்பு விளம்பரம். டிக்கெட் வாங்கியவன் தோல்வியைப் பார்க்க வருவானா? ஆகவே ஜெயிக்க வேண்டும். ஜெயிக்க நல்ல கால்கள் வேண்டும். கால்களைத் தேடி ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள்.

அப்படித்தான் எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகை அன்று ஹார்ப்பர் துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பண்டிகைக்காக நடந்த ஆட்டத்தில் தேவதாஸ் மூன்று கோல் போட்டான். அன்று மாலையே துரை எங்கள் வீட்டில்.

ஃபீஸ் கிடையாது. ஹாஸ்டல் சாப்பாடு இலவசம். சும்மா கொடுத்தால் மற்றவர்கள் கேட்பார்கள் என்பதால் அவனுக்குப் பெயருக்கு ஒரு வேலை. கல்லூரி லைப்ரரியில் உள்ள கடிகாரத்துக்கு வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும்.

“எங்கள் நாட்டிலும் இதே வழக்கம்தான்” என்று துரை கண்ணைச் சிமிட்டினார்.

நான் வாத்தியார். பிள்ளைகளுக்குக் காப்பி அடிக்காதே, பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். நான் என்ன செய்தேன்? கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் வேலைக்கு என் மகன் சம்மதிக்கிறான் என்று கையெழுத்துப் போட்டேன். என் சம்பளத்தில் அவனை ஒரு வருஷம்கூட அங்கே படிக்க வைத்திருக்க முடியாது. அவன் பி.ஏ. ஆக வேண்டும் என்பது அவன் பிறந்த அன்றே நான் போட்ட கணக்கு.

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. நோட்டீஸில் கல்லூரியின் பெயரைவிட அவன் பெயர் பெரிதாக வந்தது. அதை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்... பொய் சொல்வானேன்.

மூன்றாம் வருஷம், பழைய மாணவர் தினத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு ஆட்டத்தில் அவன் வலது முழங்கால் பிசகிவிட்டது. ஊருக்குக் கூட்டி வந்து ஆசானிடம் காட்டினோம். எங்கள் பக்கத்தில் வர்மமும் முறிவும் பார்க்கிற வைத்தியரை ஆசான் என்போம். அவர் தடவிப் பார்த்து, மூங்கில் பத்தை வைத்து, மருந்தில் நனைத்த துணியால் கட்டுப் போட்டார்.

“நாப்பத்தொண்ணு நாளு. இடையில வேற ஆரும் தொடப்பிடாது. கெட்டினவன் கைதான் அவுக்கணும். கேட்டியா, வாத்தியாரே?”

கேட்டுக்கொண்டேன். பதினெட்டு நாள் காப்பாற்றவும் செய்தேன்.

பத்தொன்பதாம் நாள்தான் அந்த மேட்ச். ‘உட்கார்ந்து பார்க்கட்டும், அவன் வந்தால் மற்றப் பையன்களுக்குத் தெம்பு’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வில்வண்டி பிடித்துக் கூட்டிப்போனேன். வாசலில் பார்த்தால் இன்னும் அவன் பெயர் போட்ட பழைய நோட்டீஸ்தான். அவனைப் பார்க்கத்தான் கூட்டம் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டக்காரர்களின் ஓலைப்பந்தலுக்குள் போனோம். ஹார்ப்பர் துரை கட்டைப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

“நீங்கள் அப்பா. வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். நான் கூட்டத்துக்குச் சொல்லிக்கொள்கிறேன்” என்றார். சொல்லிவிட்டு வெளியே போனார்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் அப்படித்தான் சொன்னார்.

அவர் போனதும் விளையாட்டுக் கமிட்டியின் காரியதரிசி உள்ளே வந்தார். அவரும் கெட்டவரில்லை. பயந்தவர். “சாரே, டிக்கெட்டுக்காரங்க கலாட்டா பண்ணினா நாங்க எங்க போய் நிப்போம்? ஒரு பாதி களிச்சா மதி, போரும். அடுத்த டேர்ம் ஃபீஸ் காரியம் கமிட்டிக்கு வரும்லா... நான் பேசணும்லா...” என்று இழுத்தார். அவரும் போய்விட்டார்.

பந்தலில் நானும் என் மகனும் மட்டும். வெளியே ஓலைத் தட்டி அதிரும்படி “தேவதாஸ், தேவதாஸ்” என்று சத்தம்.

“வலி உண்டா, மக்கா?”

“இப்பம் இல்லப்பா. ஆனா கெட்டு இருக்கே. ஆசான் ஏசும்.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தான். அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும், பாண்டுக்காரர்கள் கொடி வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தேன். என் கையால் அந்தக் கட்டை வெட்டினேன். பத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். அவன் காலை நீட்டித் தந்தான்.

இருபது நிமிஷம் ஆடினான். ஒரு கோலும் போட்டான். வரிசையில் நின்று நானும் கத்தினேன். பிறகு தனியாகப் பந்தைக் கொண்டுபோகும்போது, யாரும் மோதாமலே, புல்லில் உட்கார்ந்துவிட்டான். கத்தவில்லை. கூட்டத்துக்குள் என்னைத் தேடினான்.

பாண்டு நிற்கவில்லை. அவனைத் தூக்கி வந்து பந்தலில் கிடத்தினார்கள். மீதிப் பத்துப் பேரும் ஆடி ஜெயித்தார்கள். ஜெயித்தவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் கடைவீதிக்குப் போயிற்று. மோர் கொடுக்கும் வழக்கம் யாருக்கும் ஞாபகமில்லை. தோற்ற கட்சியின் கேப்டன்தான் ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு என் மகனைப் பார்க்க வந்தான்.

ஊருக்குக் கொண்டுவந்ததும் ஆசான் காலைப் பார்த்தார். வெட்டிய துணியைப் பார்த்தார். “கெட்டை ஆரு அவுத்தது?” என்று கேட்டார்.

“காலேஜ்ல...” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். என் மனைவி பக்கத்தில் நின்றாள். தேவதாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

அந்த முழங்கால் இனி மடங்காது. ஆசானும் சொல்லிவிட்டார், மிஷன் ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டார்கள். தரையில் உட்கார முடியாது. கோயிலில் மற்றவர்கள் முழங்கால்படியிடும்போது அவன் மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறான். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேறு பையன் வந்துவிட்டான். படிப்பு நின்றுவிட்டது.

ஹார்ப்பர் துரை ஊருக்குக் கப்பலேறும் முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய கல்லூரி அறையில் கூட இருந்தவனைப் பற்றிச் சொன்னார். சுரங்கத்தில் வேலை செய்கிறவரின் மகனாம். ஃபுட்பாலுக்காகவே கொண்டுவரப்பட்டவன். தோள் முறிந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். “அதை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் இங்கே வந்து அதையே செய்தேன். படத்தில் கரடியைக் காட்டினேன், இதைக் காட்டவில்லை” என்றார். என் மனைவியிடம் கைகூப்பி, “அம்மா, தப்பு என்னுடையது” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

டிக்கெட்டும் விளம்பரமும் வந்ததால் விளையாட்டு கெட்டுப்போயிற்று என்று இங்கே நாலு வரி எழுதி முடித்திருக்கலாம். அது உண்மைதான். ஆனால் ஓலைத் தட்டிக்கு உள்ளே, யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்காத இடத்தில், ஒரு அப்பன் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதுவும் உண்மை.

இதுவரை எழுதி, உறையில் போட்டு ஒட்ட என் மனைவியிடம் கொடுத்தேன். அஞ்சலாபீஸில் சேர்ப்பது அவள்தான். ஒட்டும் முன் எப்போதும் வாசிப்பாள். இன்றும் அடுக்களை வாசலில் நின்றபடியே கடைசி வரி வரை வாசித்தாள். நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது எனக்குத் தெரியும்” என்றாள். “அவன் அண்ணைக்கே சொல்லீட்டான். அப்பா தானா வந்து சொல்லட்டும், நீ கேக்காதேண்ணும் சொன்னான்.”

ஆறு மாதமாக ஒரே வீட்டில் இரண்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்... நானோ, பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.