மூன்றாவது தூண்

வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. என் கொள்ளுத்தாத்தா கட்டியது. சந்திலிருந்து பார்த்தால் ஒடுக்கமாகத் தெரியும். உள்ளே நுழைந்தால் நீண்டுகொண்டே போகும். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு அங்கே என் அத்தை மட்டும் இருந்தார். அப்பாவின் தங்கை. முப்பது வயது முடிவதற்குள் கண் நீர் அழுத்தத்தால் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. தாலி கட்டியவர் ஒரு நாள் காரில் கொண்டுவந்து வாசலில் விட்டார், பெட்டியையும் இறக்கி வைத்தார். அதோடு சரி.

அந்த வீட்டுக்குள் அத்தை நடமாடுவதைப் பார்க்கிறவர்களுக்கு அவருக்குக் கண் தெரியாது என்பதே உடனே புரியாது. வாசல் நிலையிலிருந்து ஒன்பது எட்டு எடுத்து வைப்பார். பிறகு ஒரு படி இறங்கினால் திறந்த முற்றம். அதன் இடது ஓரமாக நான்கு தேக்குத் தூண்கள். ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுக்கொண்டே போவார். மூன்றாவதைப் பிடித்துத் திரும்பினால் அடுப்படி. கொதிக்கிற ரசத்தை ஏந்திக்கொண்டு அதே வழியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் திரும்பி வருவார். சந்தில் இறங்கினால் மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொன்னதும் நானும் மனைவியும் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு மதுரைக்கு வந்தோம். பழைய அழகு கெடாமல் வீட்டை இந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆர்க்கிடெக்ட் வந்து பார்த்துவிட்டு, "இது வீடில்ல சார், பொக்கிஷம்" என்றார். முற்றத்துக்கு மேலே கண்ணாடி போட்டு ஏசி வைக்கலாம். தரையை ஒரே மட்டமாக்கலாம். அடுப்படிச் சுவரை எடுத்துவிட்டால் பெரிய ஹால் கிடைக்கும். கடைசி இரண்டு தூண்கள் பார்வையை மறைக்கின்றன, மேலே இரும்பு பீம் கொடுத்துவிட்டு அவற்றைக் கழற்றி வாசலில் அலங்காரமாக நிறுத்திவிடலாம் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்ன வேணாலும் செய்யி மருமகனே. எதை எடுக்கிறேன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிட்டு எடு."

"சரி அத்த" என்றேன்.

வேலை நடந்த எட்டு மாதமும் அவர் விளாங்குடியில் என் தங்கை, சித்தப்பா மகள் வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்ப்பேன். போனவுடன் வீட்டைப் பற்றித்தான் கேட்பார்.

"அம்புட்டும் அப்படியேதான் இருக்கு அத்த. பாத்ரூம் மட்டும் புதுசு."

"தூணு?"

"எண்ணெய் போட்டுப் பளபளன்னு இருக்கு."

அது பொய்யில்லை. கழற்றிய இரண்டுக்கும்கூட எண்ணெய் போட்டிருந்தோம்.

"அவங்ககிட்ட உண்மையச் சொல்லிருங்க, வந்து எங்கயாச்சும் விழுந்துட்டா?" என்று மனைவி இரண்டு முறை சொன்னாள். நாலு நாளில் பழகிவிடும் என்றேன். சொன்னால் அத்தை வேண்டாம் என்பார். பாதி வீடு அவர் பெயரில் இருந்தது. அதனால்தான் சொல்லவில்லை.

புதுமனை புகுவிழா அன்று எழுமலையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆர்க்கிடெக்ட் ஒரு போட்டோகிராபரோடு வந்திருந்தார். தங்கையின் காரிலிருந்து அத்தை புதுச் சேலையோடு இறங்கினார். நான் கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

"என் வீட்டுக்குள்ள எனக்கு எதுக்குடா கை? விடு."

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். விட்டுவிட்டேன்.

ஒன்பது எட்டு வைத்தார். படி இறங்கக் காலைத் தாழ்த்தினார். படி இல்லை. உள்ளங்கால் தரையில் மோதி உடம்பு முழுக்க அதிர்ந்தது. நின்று முகத்தை மேலே தூக்கினார், காற்றைத் தேடுகிற மாதிரி. பிறகு புறங்கையை நீட்டினார். முதல் தூண் பட்டது, லேசாகச் சிரித்தார். இரண்டாவதும் பட்டது. வேகமாக எட்டு வைத்து, மூன்றாவதைப் பிடித்துத் திரும்புகிற பழக்கத்தில் முழு உடம்பையும் அந்தப் பக்கம் சாய்த்தார்.

கிரானைட்டில் எலும்பு மோதிய சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. போட்டோகிராபர் கேமராவை இறக்கவில்லை. அத்தை எழ முயலாமல், அடிபடாத கையால் தரையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இங்கதான இருந்துச்சு… இங்கதான…"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்.

"பாத்து வரக்கூடாதா அத்த?"

தரையைத் தடவிய கை நின்றது.

"ஆமா மருமகனே. பாத்து வந்திருக்கணும்" என்றார்.

வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. கட்டுப் போட்டுக் கூட்டிவந்தோம். அதன் பிறகு பதினோரு நாள் அந்த வீட்டில் இருந்தார். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நைலான் கயிறு கட்டினேன். அத்தை அதைத் தொடவே இல்லை. பதினொன்றாம் நாள் காலை நான் ஹாலில் வீடியோ காலில் இருந்தேன். அத்தை சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். சுவர் இருந்த இடம் காலியாக இருக்க, ஹாலின் நடுவே நின்று இரண்டு பக்கமும் திரும்பினார். வழி தெரியவில்லை. நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. நான் கேமராவை அணைத்தேன். எழுந்து அவரிடம் போகவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன்.

அன்று மத்தியானம், "என்னை விளாங்குடியில விட்ரு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதை மறைக்கவும் எனக்குத் தெரியவில்லை. காரில் ஏற்றும்போது தேவைக்கு மேல் பேசிக்கொண்டிருந்தேன்.

நான்கு மாதம் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன். அத்தை பக்கத்து வீட்டு அம்மாவோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த அம்மா கேட்டது காதில் விழுந்தது.

"டவுன்ல உங்களுக்குப் பெரிய வீடு இருக்காம்ல?"

"இருந்துச்சு. இடிச்சுட்டாக."

"யாரு, கார்ப்பரேசன்காரங்களா?"

"எனக்கு எங்க தெரியும்?" என்றார் அத்தை.

தங்கை என்னைப் பார்த்துவிட்டு, "அத்த, அண்ணன் வந்திருக்கு" என்றாள். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கோணலாகக் கூடியிருந்த மணிக்கட்டோடு, அந்தச் சின்ன வீட்டில் எதிலும் இடிக்காமல் அடுப்படிக்குப் போனார். பால் காய்ச்சிக் காபி கலந்தார். டம்ளரைத் தங்கையிடம் நீட்டி, "வந்தவுகளுக்குக் குடு" என்று சொல்லிவிட்டுப் பூண்டு உரிக்க உட்கார்ந்தார்.