கவர்னர் கதையை ஒப்பித்த நாள்

பிள்ளைகளே, சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு ஆள் எடுத்த காலத்தில் நான் ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். பயந்துவிட்டேன் என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பாள். பயமில்லை. என் கையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு, குடியுரிமை இல்லாதவனுக்குக் கொடுப்பது. இதே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில்தான் பிறந்தேன், ஆனால் அதற்குப் பத்திரம் இல்லை. சிவப்புக் கார்டுக்காரனுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ரப்பர் மரம் சீவுவதற்கே பெர்மிட் வேண்டும்.

எழுபதுகளின் நடுவில், குடியுரிமை நேர்காணலுக்கு ஈப்போ வரச்சொல்லிக் கடிதம் வந்தது. என் கூட்டாளிக்கு முன்பே குடிமகனுக்கான நீலக் கார்டு இருந்தது. "மச்சான், நீலத்த வாங்கிட்டு வா, ரெண்டு பேரும் சேந்தே போலாம். ஒரு வாரம் பாக்குறேன்லா" என்றான்.

எங்களுக்கு எந்தக் காரியமானாலும் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் போவதுதான் வழக்கம். துரையோடு பேசுகிறவர் அவர் ஒருவர்தான். "நாட்டு சரித்திரம் கேப்பான். எங்க காலத்துல இதுலேர்ந்துதான் கேட்டாங்க" என்று பழைய பள்ளிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். அதில் ஒரு வெள்ளைக்கார கவர்னரின் வாழ்க்கை இருந்தது.

இருபது வயதில் கப்பலேறி வந்தவர். மலாய் படித்தார். பேராக்கில் ஈயச் சுரங்கப் பகுதிக்கு அதிகாரியானார். பிறகு சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் ரெசிடென்ட். பிறகு சிங்கப்பூரில் கவர்னர், அங்கிருந்து ஆப்பிரிக்காவில் கவர்னர். கடைசியில் பட்டமும் பென்ஷனுமாக ஊர் போய்ச் சேர்ந்தார். இத்தனை நாட்டுக்கும் அவரிடம் யாரும் கார்டு கேட்டதாகப் புத்தகத்தில் இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எல்லாவற்றையும் மலாய் மொழிக்கு மாற்றி மனப்பாடம் செய்தேன்.

அதிகாரி மலாய்க்காரர், மரியாதையானவர். உட்காரச் சொல்லி, பேராக்கை இப்போது ஆள்வது யார் என்று கேட்டார். சுல்தான் பெயர் எனக்குத் தெரியும். மாநில முதல்வரான மந்திரி பெசார் பெயரும் தெரியும். ஆனால் வாயைத் திறந்ததும் கவர்னர் வந்துவிட்டார். நிறுத்தத் தெரியவில்லை. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, கப்பலேறியதிலிருந்து பென்ஷன் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

"ஆப்பா இனி?" என்று விழித்தார் அவர். இது என்ன என்று கேட்கிறார். பிறகு நாட்டின் உறுதிமொழியான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் கேட்டார். இரண்டோடு நின்றுவிட்டேன். படித்துவிட்டு வா, கடிதம் போடுவோம் என்று பைலை மூடினார்.

வாசலில் இருந்த தமிழ்ப் பியூனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அண்ணே, வெள்ளக்காரன் போயி எத்தன வருஷமாச்சு! நீங்க இன்னும் அவனுக்கு மால போட்டுக்கிட்டு இருக்கீங்க."

"அடுத்த கடுதாசி எப்ப வரும் தம்பி?"

"லைன்ல நெறைய பேரு இருக்காங்கண்ணே. கல்யாணம் கட்டிட்டு மெல்லமா வாங்கலா."

அப்படியேதான் நடந்தது. அடுத்த கடிதம் வருவதற்குள் நீங்கள் இருவரும் பிறந்துவிட்டீர்கள். பட்டறையில் ஆள் எடுப்பதும் நின்றுபோயிருந்தது.

கூட்டாளி, நேர்காணல் முடிந்ததும் சொன்னபடி ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கிளம்பினான். ஈப்போவில் பஸ் ஏற்றிவிட்டேன். "நீயும் வந்துருவ மச்சான்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான். தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஒன்றும் சொல்லாமல், நான் மட்டும் ஈப்போ போனேன். சிங்கப்பூர் பஸ் கதவு திறந்தபடி ஆளில்லாமல் நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிரைவர் காப்பிக் கடையிலிருந்து வந்து இன்ஜினைக் கிளப்பினார். இறங்கிவிட்டேன்.