கழுவிவிட்ட நம்பர்கள்

நாற்பத்தாறு கல்லுக்கும் நானே நம்பர் போட்டு இறக்கி வைத்தேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஒரு கல்லிலும் நம்பர் இல்லை. கல்வேலைக்கு வந்த முப்பத்தைந்து வருடத்தில் இப்படி ஒரு காலையை நான் பார்த்ததில்லை.

கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் ஒரு குடும்பக் கோயிலின் சின்ன மண்டபம் அது. ஒரு பக்கம் இறங்கிவிட்டதால் பிரித்து, அஸ்திவாரத்தைச் சரிசெய்து, அதே கற்களை அதே இடத்தில் வைக்க வேண்டும். பழைய வேலையில் கல்லுக்கு நடுவே சாந்து கிடையாது. பக்கத்துக் கல்லோடு ஒட்டும்படி ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கொத்தியிருப்பார்கள். இடம் மாறினால் மேலே பாரம் ஏறும்போது கல் வெடிக்கும்.

பெயிண்ட் கறை போகாது என்று இன்ஜினியர் தடுத்ததால் சிவப்பு சாக்பீஸில் எழுதியிருந்தேன். நம்பர் போடுவதற்கு முன் போட்டோவும் எடுத்திருந்தேன். ஆனால் சுண்ணாம்பு அடித்த மண்டபம், போட்டோவில் எல்லாமே ஒரே வெள்ளை, எந்தக் கல் எது என்று தெரியவில்லை.

கோயில் காரியம் பார்க்கும் மீனாட்சி மாமி, ரிட்டயரான டீச்சர், சிரித்த முகமாக வந்தார்.

"கல்லெல்லாம் சுத்தி பண்ணியாச்சு மேஸ்திரி. இனிமே தாராளமா உள்ள எடுத்துக்கலாம், கேட்டேளா."

வெளியே கிடந்த கல்லாயிற்றே என்று நாலு பேரை வைத்துப் புரட்டிப் புரட்டி, தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவியிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் மாமி கல் கல்லாகப் போய்க் குனிந்து நம்பரைத் தேடினார். அவர்மேல் என்ன குற்றம்? கழுவாமல் எதையும் உள்ளே சேர்க்காத இடத்தில் சாக்பீஸை நம்பிய மடையன் நான்தான். கலசத்துக்கு, அதாவது கும்பாபிஷேகத்துக்கு, நாள் குறித்தாகிவிட்டது. சொதப்பினால் இந்த ஊரில் எந்தக் கோயிலும் என்னை இனிக் கூப்பிடாது.

இரண்டு நாள் டேப்பும் கையுமாகப் பொருத்திப் பார்த்தோம். நாலு கல்தான் சேர்ந்தது. மூன்றாம் நாள், இருபது வருடமாக என்னோடு வேலை செய்யும் சுடலைமுத்து ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினான்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. அடில என்னமோ வெட்டிப் போட்டிருக்கு."

இரண்டு கோடும் ஒரு சூலமும். பக்கத்தில் கிடந்த இன்னொரு கல்லின் அடியிலும் அதே சூலம், ஆனால் மூன்று கோடு. இரண்டையும் சேர்த்தோம், நூல் நுழைய இடமில்லை. மண்டபம் இறங்கியபோது விட்ட இடுக்கில் வெள்ளையடித்த சுண்ணாம்பு வழிந்து அடியில் அப்பிக் கிடந்ததால், இறக்கும்போது எங்கள் கண்ணில் படவில்லை. மாமி தேய்த்த தேய்ப்பில் அந்தச் சுண்ணாம்பும் போயிருந்தது. அந்தக் காலத்தில் கல்லைப் பாறையடியிலேயே கொத்தி முடித்து வண்டியில் கொண்டுவருவார்கள். வந்த இடத்தில் குழம்பாமல் இருக்க அவர்களும் நம்பர் போட்டிருக்கிறார்கள், உளியால், வெளியே தெரியாத முகத்தில்: எந்த வரிசை என்பதற்குச் சின்னம், அதில் எத்தனையாவது கல் என்பதற்குக் கோடு. நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் வந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அஸ்திவார வேலை முடிந்ததும் ஐந்து நாளில் கல்லெல்லாம் ஏறிவிட்டது. கடைசியாக மிஞ்சிய ஒரு கல் மட்டும் குழப்பியது. மீன் குறி போட்டிருந்தது, ஆனால் மீன் வரிசை ஏற்கெனவே முடிந்திருந்தது. தண்ணீர் விட்டுத் துடைத்துப் பார்த்தால், அந்த மீனின் குறுக்கே ஒரு கோடு. முதலில் தப்பாகக் குறி போட்டு, அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் பிறை வெட்டியிருந்தார்கள். பிறை வரிசையில் கல் கச்சிதமாக உட்கார்ந்தது.

மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் காலத்துக் கொத்தனாருக்கும் குழப்பி விட என்னை மாதிரி ஒரு மாமி வாய்ச்சிருக்கா போலருக்கே."

இத்தனை நாள் சிரிக்காததற்கும் சேர்த்துச் சிரித்தேன். தப்பு அந்தக் காலத்துப் பெரிய கொத்தனுக்கே வந்திருக்கிறது, கல்வேலைக்கு வரும் உங்களுக்கும் வரும். ஆனால் நம்பரை மட்டும் அடிமுகத்தில் உளியால் போடுங்கள்.