எண்ணிக்கைக்கு மட்டும்

என் அப்பா ஊர்ப் பெயர்களை நம்பமாட்டார். ஒரே பெயரில் நாலு ஊர் இருக்கும், கடிதம் நாலையும் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் என்பார். அவர் நம்பியது பின்கோடு ஒன்றைத்தான். அம்பாசமுத்திரம் பக்கம், ஆற்றங்கரையை ஒட்டிய எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் பூகோள வாத்தியார். தமிழ்நாட்டுப் படத்தை ஆணியில் மாட்டி, எண்ணின் முதல் மூன்று இலக்கத்தை அவர் சொல்ல, பிள்ளைகள் மாவட்டத்தைச் சொல்லவேண்டும். 643 என்றால் நீலகிரி. 629 என்றால் கன்னியாகுமரி. 627 என்றதும் வகுப்பே சேர்ந்து கத்தும், அது நாங்கள். தேயிலை விளைகிற மலையும், உப்பு விளைகிற கரையும், ஒன்றுமே விளையாத பொட்டலும், எல்லாம் 6 என்ற ஒரே எண்ணில் தொடங்குகின்றன என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. கேரளத்துக்கும் அதே எண்தானே சார் என்று எவனாவது கேட்டுவிட்டால் முகம் சுருங்கிப்போகும்.

இந்த விளையாட்டில் கெட்டிக்காரி என் அக்கா. அப்பா இரண்டாவது இலக்கத்தைச் சொல்லும்போதே அவளுக்கு மூன்றாவது எது என்று ஊகம் இருக்கும். "எம் பிள்ளை தபால்காரனையே தோக்கடிச்சிருவா" என்று பக்கத்து வகுப்புக்கெல்லாம் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். நானும் தம்பியும் பின்னால் நின்று பொருமுவோம். அப்பாவுக்குப் பிடித்த பிள்ளை அவள்தான். அதை அவர் மறைக்கவும் இல்லை.

அக்கா பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்து, தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனாள். அங்கே துறைமுகத்தில் வேலைபார்த்த ஒருவரை மாதாகோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். கடற்கரைக் குடும்பம். அவருடைய அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. கல்யாணம் முடிந்தபிறகுதான் எங்களுக்குக் கடிதம் வந்தது. அப்பா அதை வாசித்தார், மடித்தார், துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார். ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து நடுவீட்டில் நின்றார்.

"தலைமுழுகியாச்சு. இனிமே இந்த வீட்ல அவ பேரு கேக்கப்படாது."

கேட்கவும் இல்லை. அவர் சொன்னால் சொன்னதுதான். தூத்துக்குடியை நம் மாவட்டத்திலிருந்து பிரித்தபோது, வீட்டைப் பாகம் பிரித்தது மாதிரி இருக்கிறது என்று சாப்பிடாமல் கிடந்த மனிதர் இவர். தூத்துக்குடிக்கு 628. எங்களிலிருந்து அக்கா ஒரே ஓர் எண்தான் தள்ளி. அந்த வருஷம் அப்பா வகுப்பில் 627-க்கு அடுத்து நேராக 629-க்குப் போய்விடுகிறார் என்று தம்பி வந்து சொன்னான். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. படத்தில் இருக்கிற ஒரு மாவட்டத்தையே ஒருவர் கோபத்தில் தூக்கிப்போட முடியுமா? அவர் போட்டார்.

அம்மா சண்டை போடவில்லை. மாதம் ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கிவரச் சொன்னாள், அவ்வளவுதான். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், எழுத வராது. எண் மட்டும் அழகாகப் போடுவாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், முகவரியும் நானே எழுதுவேன். கடைசியில் பின்கோடு போடுகிற அந்த ஆறு கட்டங்களை மட்டும் என்னைத் தொடவிடமாட்டாள். பேனாவை வாங்கி, கட்டம் நிறைய, புள்ளிக்கோலம் போடுகிற கவனத்தோடு ஒவ்வொரு எண்ணாகப் போடுவாள். மகளுக்கு அவள் கைப்பட எழுத முடிந்தது அது ஒன்றுதான். எழுதி முடித்த கடிதத்தை ஒளித்தும் வைக்கமாட்டாள். மறுநாள் நான் கல்லூரிக்குப் போகும்போது தபாலில் போடுவதற்காகக் கடிகாரத்துக்குக் கீழே பலகையில் சாத்தி வைப்பாள். அப்பா அதைத் தாண்டித்தான் போவார், வருவார். ஒருநாளும் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வைத்தாவது அக்காவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் ஒருமுறை கூப்பிட்டேன். அம்மா வரவில்லை.

"ஒளிஞ்சு போய்ப் பாக்க அவ என்ன நான் களவாண்ட பிள்ளையா, ஏட்டி? வந்தா வாசல் வழியா வரட்டும்" என்றாள்.

தொண்ணூற்றொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. வாத்தியார்களுக்குத்தான் அந்த வேலை. அப்பாவுக்கு எங்கள் தெருவும் சுற்றியுள்ள தெருக்களும் விழுந்தன. பெண்களிடம் கேட்கவேண்டிய கேள்விகள் சில இருந்ததால், சாயங்காலங்களில் என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெற்ற பிள்ளைகள் எத்தனை, அதில் இப்போது உயிரோடு இருப்பது எத்தனை என்று இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்குப் பாதிப் பேர் சரியாகப் பதில் சொல்லமாட்டார்கள். பிறந்து ஒரு வாரத்தில் போனதையெல்லாம் கணக்கில் சேர்க்கவேண்டுமா என்று தயங்குவார்கள். அப்பா பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பார். "பைய யோசிச்சுச் சொல்லுங்க. அதுவும் பிள்ளைதான்" என்பார். அந்தக் குரலை அவர் வீட்டுக்குள் வைத்து நான் கேட்டதில்லை. கட்டிக்கொடுத்த பிள்ளையும் சேர்த்தி, பம்பாய்க்குப் போன பிள்ளையும் சேர்த்தி, எங்கே இருந்தாலும் பெற்றவளுக்கு அது பிள்ளைதான் என்று ஒவ்வொரு வாசலிலும் விளக்கினார். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்று, அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

தெருக்கோடியில் இட்லிக்கடை போட்டிருந்த ஓர் அம்மாவின் மகன் பம்பாய்க்குப் போனவன், பல வருஷமாகத் தகவல் இல்லை. உயிரோடு இருப்பது எத்தனை என்றதும் அந்த அம்மா மாவுக் கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அவன என்னன்னு அண்ணாச்சி நான் சொல்லுவேன்? இருக்கானா இல்லையான்னே தெரியலியே."

"செத்த சேதி வந்துதா மதினி?"

"இல்ல."

"அப்ப உயிரோடதான் இருக்கான். எழுதுதேன்" என்று அப்பா எழுதினார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் இட்லி கட்டிக்கொடுத்தாள்.

தெரு முழுக்க முடித்துவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு எழுத உட்கார்ந்தார். தெரிந்த விஷயம்தானே என்று சும்மா எழுதிவிடமாட்டார். அம்மாவை அடுக்களை வாசலில் நிற்கவைத்து, பேர் என்ன, வயது என்ன என்று வரிசையாகக் கேட்டார். கட்டிய பெண்டாட்டியிடம் பேர் கேட்கிறாரே என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் அடுத்த கேள்விக்கும் பதில் சொன்னாள்.

"பெத்தது?"

"மூணு."

"உசுரோட இருக்கிறது?"

"மூணு."

அப்பா எழுதினார். எழுதியதை வீட்டுக்காரர்களுக்கு வாசித்துக் காட்டுவது எல்லா வீட்டிலும் அவர் வழக்கம். எங்களுக்கும் வாசித்தார். "பிறந்தவை மூன்று. இருப்பவை இரண்டு."

தம்பியின் சிரிப்பு நின்றது. அம்மா அழுதாள் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. அவள் அழவில்லை. உள்ளே போய் அரிசியைக் களைந்தாள், உலையில் போட்டாள், அவருக்குச் சோறும் போட்டாள். இட்லிக்கடை அம்மாவின் வீட்டில் நடந்ததை மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா சொன்னாக?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்தக் கணக்கெடுப்பில் ஒரு முறை உண்டு. எல்லா வீடும் எழுதி முடித்தபிறகு, மார்ச் மாதம் பிறந்ததும் அதே வீடுகளுக்குத் திரும்பப் போகவேண்டும். நாங்கள் வந்துபோனபிறகு இந்த வீட்டில் பிறப்பு, இறப்பு ஏதாவது உண்டா என்று கேட்டு, இருந்தால் திருத்தவேண்டும். அப்பா மறுபடியும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் போனார். எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் செருப்பைக் கழற்றாமல், உள்ளே வராமல், வாசலில் நின்றே கேட்டார். விதி விதிதான் அவருக்கு. பக்கத்து வீட்டுக்காரர்கூட வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன தடவை வந்ததுக்கப்புறம் இங்க பொறப்பு, இறப்பு உண்டா?"

"உண்டு" என்றாள் அம்மா. கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "ஒரு பொறப்பு. எழுதுங்க."

அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எனக்குப் பகீரென்றது.

"என்ன பொறப்பு?"

"போன தடவை நீங்க சாவடிச்சிட்டுப் போன பிள்ள பொழைச்சிக்கிட்டா. அதத் திருத்துங்க. செத்த சேதி வராத பிள்ள உசுரோடதான் இருக்குன்னு இட்லிக்கடைக்காரிக்கு எழுதுனீங்களாமே. அவளுக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா?"

பக்கத்து வீட்டுக்காரர் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார். அப்பா அவளை அடித்துவிடுவாரோ என்றுகூட நினைத்தேன், இதுவரை அடித்ததில்லை என்றாலும். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். எங்கள் தாளைத் தேடி எடுத்தார். இரண்டை அடித்து மூன்று போட்டார். பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார்.

எழுந்துகொண்டு அம்மா முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இது எண்ணிக்கைக்கு மட்டும். வீட்டுக்கு இல்ல."

அம்மா அந்த மாதக் கடிதத்தில் எனக்குச் சொன்ன முதல் வரி, "ஒன்னய எண்ணிக்கையில சேத்தாச்சு" என்பது. வீட்டுக்கு இல்லை என்று அப்பா சொன்னதையும் மறைக்காமல் எழுதச் சொன்னாள். அப்புறம் 628 என்று கட்டம் நிறையப் போடத் தொடங்கினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது. ஜெயித்தது மாதிரியே அவள் முகம் இருந்ததால் அழவில்லை.

அதற்குமேல் ஒன்றும் மாறவில்லை. அத்தானுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, மாநிலத்தின் இன்னொரு கோடிக்குக் குடிபோனார்கள். அம்மா புது எண்ணைப் பழகிக்கொண்டாள். இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று போயிற்று. வாசல் வழியாக வரட்டும் என்று அவளும் விடவில்லை, வா என்று அவரும் சொல்லவில்லை. இரண்டு பேர் பிடிவாதத்துக்கும் நடுவில் என் அக்காவுக்குப் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டது. அம்மா அந்தப் பிள்ளையைப் பார்க்கவே இல்லை.

ஒரு காலையில் குடத்தோடு திரும்பி வந்தவள் நெஞ்சு அடைக்கிறது என்று சுவரோடு சாய்ந்தாள். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் யாரையும் கேட்காமல் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, அக்கா வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டேன். திரும்பி வந்ததும் அப்பா எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீடு நிறைய ஆட்கள். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். அக்கா பாதி வழிகூட வந்திருக்கமாட்டாள்.

மறுநாள் காடாத்து. அப்பாவும் தம்பியும் சுடுகாட்டில் எலும்பு பொறுக்கிக் கலயத்தில் எடுத்துக்கொண்டு படித்துறைக்கு வந்தார்கள். பெண்கள் நாங்கள் அங்கே காத்திருந்தோம். ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. அப்பா தலைமுழுகிவிட்டு வந்தது அதே துறையில்தான். சடங்கு செய்கிறவர் பால் செம்பை எடுத்தார்.

"பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கை ஊத்துங்க. எத்தன பேரு?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். தெருவுக்கே தெரிந்த கதைதானே. அப்பா தண்ணீருக்குள் கலயத்தைப் பிடித்தபடி நின்றார்.

"மூணு" என்றார்.

சடங்கு செய்கிறவர் என்னையும் தம்பியையும் பார்த்தார். "ரெண்டு பேருதான இருக்காவ?"

"635-ல இருந்து வரணும்லா. சேலம், மதுரைன்னு பஸ் மாறி வரணும். செத்த பொறுங்க" என்றார் அப்பா.

635 என்றால் ஓசூர். அக்கா அங்கே இருப்பதை அவரிடம் நாங்கள் யாரும் சொன்னதில்லை. கடிகாரத்துக்குக் கீழே சாத்தி வைத்த கடிதங்களை எத்தனை வருஷமாக அவர் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் அவ்வளவு பெரிதாகப் போட்டாளா? அதைக் கேட்க இனிமேல் ஆள் இல்லை.

"எமகண்டம் வந்திரும் அண்ணாச்சி" என்றார் சடங்கு செய்கிறவர்.

"வரட்டும்."

நல்ல நேரம் பார்க்காமல் நகம்கூட வெட்டாத மனிதர், வெயிலில் தண்ணீருக்குள் நின்றுகொண்டே இருந்தார். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். தம்பி கலயத்தை வாங்கிக்கொள்ளப் போனான், கொடுக்கவில்லை.

அக்கா தனியாகத்தான் வந்தாள். பிள்ளையை அத்தானிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மேல்படியில் பையோடு நின்றாள், இறங்கவில்லை. அப்பா நிமிர்ந்து, "வா" என்றார். அவள் வந்தாள். மூன்று பேரும் பால் ஊற்றினோம். அப்பா கலயத்தைத் தண்ணீரில் விட்டார்.

படி ஏறி வந்தால் ரோடு. இடதுபக்கம் பஸ் ஸ்டாப், வலதுபக்கம் எங்கள் தெரு. அக்கா அங்கே நின்றுவிட்டாள். பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"எண்ணிக்கைக்கு மட்டும்தானாப்பா?" என்று கேட்டாள்.

அப்பாவுக்கு வாய் கோணியது. குழந்தை மாதிரி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். "வீட்டுக்குந்தாம்மா" என்று சொல்லி, அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வாசல் வழியாகத்தான் உள்ளே போனோம். பிள்ளைகள் மூன்று பேரும் அன்று வீட்டில் இருந்தோம். எண்ணிப் பார்க்க அம்மா இல்லை.