லொறி ஹோர்ன் பூட்டிய சைக்கிள்

தேயிலைத் தோட்டத்துத் தபால்தான் என் வேலை. காலையில் பொகவந்தலாவை பஜாருக்கு இறங்கி, கடிதக் கட்டை வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்ப வேண்டும். ஒன்பதாம் நம்பர் மலைக்குக் கீழே ஒரு வளைவு. பனி இறங்கிவிட்டால் எதிரே வருவது தெரியாது. ஒருநாள் அங்கே பஸ் ஒன்று என்னை ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் தள்ளிவிட்டுப் போனது. முழங்கையில் நான்கு தையல். என் மணிச்சத்தம் டிரைவருக்குக் கேட்கவே இல்லையாம்.

"சத்தமா ஒரு ஹோர்ன் பூட்டுங்க, இல்லன்னா சைக்கிள வித்துருங்க. கான் கானா எறங்கி உங்கள தேட என்னால முடியாது" என்றாள் கொழுந்து பறிக்கும் என் மனைவி.

கராஜில் பழைய லொறி ஹோர்ன் கிடைத்தது. மோட்டார் சைக்கிள் பெட்டரியைக் கேரியரில் கட்டி, கைப்பிடியில் சுவிட்ச் வைத்தேன். அழுத்தினால் மூச்சே இல்லை. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது, எர்த் கம்பியைப் பெயின்டின் மேலேயே சுற்றியிருக்கிறேன். சுரண்டிக் கட்டினேன். தொண்டை கட்டியவன் மாதிரி 'க்ர்ர்' என்றது. மெல்லிய கம்பி சூடேறி உருகியது. தடித்த கம்பி போட்டால் மழை பெய்து சுவிட்சுக்குள் தண்ணீர். ஆத்திரத்தில் ஸ்க்ரூ டிரைவரை வாசலில் வீசியெறிந்துவிட்டு, நானே சேற்றில் துழாவி எடுத்தேன். கடைசியில் ஹோர்னின் பின்பக்கத் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினேன். அலறியது பாருங்கள், லயத்து வீடுகளின் நாய்களெல்லாம் குரைத்தன.

மறுநாள் வளைவில் நீட்டி அடித்தேன். எதிரே வந்த வேன் ஒதுங்கி நின்றது. பெருமையோடு மேலே பார்த்தால், பெண்கள் சாக்கோடு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்! கொழுந்து நிறுக்க வரும் லொறியும் அந்த வளைவில் நின்றுதான் ஹோர்ன் அடிக்கும். எனக்குத் தெரியாததா? தெரிந்தும் மண்டைக்கு எட்டவில்லை.

முதலில் வந்து சேர்ந்தவள் என் மனைவி. "இதுக்கா இத்தன பேரும் அரைச் சாக்கோட எறங்கி வந்தோம்?" என்றாள். மற்றவர்கள் சொன்னதை எழுத முடியாது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மத்தியானம் உண்மையான லொறி வந்து ஹோர்ன் அடித்திருக்கிறது. "அக்கா, ஒங்க வீட்டுக்காரரு கூப்பிடுறாரு" என்று சிரித்துக்கொண்டே பறித்திருக்கிறார்கள். லொறி காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. சாக்கிலேயே கொழுந்து சூடேறி வதங்கியது. கங்காணியின் வாயில் முதலில் விழுந்தவள் என் மனைவிதான்.

சாயந்திரம் வந்தவள் நேரே சைக்கிளிடம் போனாள். ஹோர்ன் பூட்டச் சொன்னவளே கம்பியைப் பிடுங்கிப் போட்டாள். பத்து நாள் பாடு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப அந்த வளைவுக்கு என்ன பண்றது?"

"எறங்கித் தள்ளிக்கிட்டு வாங்க."

இப்போது தள்ளிக்கொண்டுதான் போகிறேன். அவள் ஒன்பதாம் நம்பரில் பறிக்கும் நாட்களில், பனிக்குள்ளிருந்து "ஏங்க!" என்று குரல் வரும். எரிச்சலோடு நானும் பதிலுக்குக் கத்துவேன். கத்தாவிட்டால் சாக்கைப் போட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவாள்.