ஆடாத வெளிச்சம்

எங்கள் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள் பழசு. முன்விளக்கு மஞ்சளாக எரியும். முறுக்கினால் பளிச்சென்று ஏறும், மெதுவாகப் போனால் மங்கும், வண்டியை நிறுத்தினால் அணைந்துவிடும். கொல்லைக் கதவில் நின்றால் வாய்க்கால் கரையில் அது வருவது தெரியும். மூச்சு விடுகிற மாதிரி ஏறி ஏறி அடங்கும். மதகுக்கு வந்ததும் இரண்டு தரம் டிம் அடிப்பார். நான் தோசைக்கல்லை அடுப்பில் போடுவேன். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பேச்சு அது. யாரிடமும் சொன்னதில்லை, வெட்கம்.

அவருக்குச் சர்க்கரை வியாதி, பார்வையும் குறைந்துபோனது. அதனால் போன ஐப்பசியில் திருவிடைமருதூர் மெக்கானிக்கிடம் போய் எல்இடி மாற்றிக்கொண்டு வந்தார். சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. இனிமேல் பேட்டரியில் எரியும், இன்ஜின் நின்றாலும் அணையாது என்று மெக்கானிக் சொன்னாராம். எனக்கு எதற்கு அந்தச் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம். மழை விட்டிருந்தது. விளக்கு வைத்து அரை மணி இருக்கும். கரையில் வெள்ளை வெளிச்சம் வந்தது, மதகில் நின்றது. டிம் அடிக்கவில்லை. யாரோடோ பேசுகிறார் என்று நினைத்தேன். விளக்கு எரிந்தால் வண்டி ஓடுகிறது, வண்டி ஓடினால் அவர் மேலே உட்கார்ந்திருக்கிறார். பழைய விளக்கு எனக்கு அப்படித்தான் பழக்கியிருந்தது. சட்னி அரைத்துவிட்டு வந்து பார்த்தேன். அதே இடத்தில் நின்றது.

எங்களோடு இருக்கும் நாத்தனார், அவருடைய அக்கா, பின்னால் வந்து நின்று உற்றுப் பார்த்தார்.

“மனுசன் கொண்டார வெளிச்சம் ஆடணும்டி. இது ஆடல பாரு. சத்தமும் இல்ல. கதவச் சாத்து.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டிச் சத்தமே இல்லை. தவளைகூட அந்தப் பக்கம் கத்தவில்லை. வெளிச்சம் மட்டும் வயலின் மேல் நீளமாகப் படுத்துக் கிடந்தது. நட்டு இருபது நாள் ஆன பயிர், பச்சையே இல்லாமல் வெளுத்துத் தெரிந்தது. சேற்று வயலில் கொள்ளிவாய்ப் பிசாசு நிற்கும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். நாத்தனார் தாழ்ப்பாளில் கை வைத்தார். மெக்கானிக் சொன்னது அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. இன்ஜின் நின்றாலும் அணையாது.

அப்படியானால் அவர் அதன் மேல் இல்லை.

செருப்பில்லாமல் ஓடினேன். கிட்டப் போகப் போக வெளிச்சம் கண்ணை அடைத்தது. அதற்குப் பின்னால் யார் நின்றாலும் தெரியாது. வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. சீட்டு காலி. கூப்பிட வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. தெருவில் நின்று சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவள் நான். அந்த வண்டியின் கைப்பிடியைத் தொட்டதும் இல்லை. அவர் கட்டைவிரல் போகிற இடத்தில் என் விரலை வைத்து ஒரு தரம் டிம் அடித்தேன். இன்னொரு தரம் அடித்தேன்.

கரைச் சரிவுக்குக் கீழே, இருட்டில், யாரோ இருமினார்கள்.

“தோசக்கல்லப் போட்டுட்டியா?”

கால் தண்ணீரிலும் தலை வரப்பிலுமாகக் கிடந்தார். சர்க்கரை இறங்கித் தலை சுற்றவும் வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறார், வழுக்கிவிட்டது. அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டேன். அவசரத்தில் காகிதமும் கொஞ்சம் சேர்ந்து போயிற்று. அதற்குப் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. ஆட்கள் ஓடி வந்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் மெல்லச் சொன்னார்.

“எம்புட்டு நேரமா டிம் அடிச்ச நீ. மஞ்சளா ஏறி ஏறி எறங்குச்சு. அதப் பாத்துக்கிட்டேதான் கண்ண மூடாமக் கெடந்தேன்.”

இரண்டே தரம்தான் என்று நான் சொல்லவில்லை. மஞ்சள் இல்லை என்றும் சொல்லவில்லை. பழைய பல்பு அடுப்படி ஜன்னலில் கிடந்தது. நான் ஓடி வரும் வரைக்கும் கரையில் நின்ற வெள்ளை வெளிச்சம் அசையவே இல்லை.

இப்போதும் அந்த வெள்ளை விளக்குதான். மதகில் டிம் அடித்தால் எண்ணுகிறேன். இரண்டு என்றால் கல்லைப் போடுகிறேன். ஒரு நாள் மூன்றாக வந்தால், அடிப்பது அவர்தானா வேறு எதுவோ, என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.